கடல் கேம்பெயின் தொடங்குகிறோம்: ஐந்து பேருக்கு எந்தக் கப்பல் சரி?

பட்டாலைப் பகடை:
வணக்கம் மக்களே. காரைக்குடி வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டிக் கதையாக ஆடும் மேசை விளையாட்டு) ஆடுகிற குழு நாங்கள். ஆடுகிறவர்கள் ஐந்து பேர், கதையை நடத்துகிற டிஎம் நான். இரண்டு வருடமாகக் காடு, குகை, பாழுங்கோட்டை என்று தரையிலேயே சுற்றியாகிவிட்டது. பொங்கல் முடிந்ததும் புதுக் கேம்பெயின், அதாவது வாராவாரம் தொடர்கிற கதை, அதற்காகக் கடலில் இறங்கப் போகிறோம். உலகம் முழுக்கக் கற்பனைதான். ஏழு தீவுகள், நடுவில் ஒரு வளைகுடா, அதன் அடியில் தூங்குகிற ஒரு பூதம். காற்று மட்டும் நம்ம ஊர்க் காற்று: பாதி வருடம் தென்மேற்கிலிருந்து, பாதி வருடம் வடகிழக்கிலிருந்து.

சிக்கல் கப்பலில். ஐந்தாம் பதிப்பு விதிப்புத்தகத்தைத் திறந்தால் ஒரு பட்டியல் இருக்கிறது. சாதாரணப் பாய்க்கப்பல் 10,000 பொன், மணிக்கு 2 மைல், மாலுமிகள் 20 பேர், சரக்கு 100 டன். போர்க்கப்பல் 25,000 பொன், 60 மாலுமிகள், 200 டன். கேலி (galley) என்கிற துடுப்புக் கப்பல் 30,000 பொன், 80 ஆட்கள், ஆனால் மணிக்கு 4 மைல். எண்களைப் பார்த்தால் கேலிதான் ராஜா மாதிரி தெரிகிறது. ஆனால் மனசு ஒப்பவில்லை. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

இன்னொரு விஷயம். நாங்கள் ஆடுவது பள்ளத்தூரில் ஒரு நண்பனின் ஐயா கட்டிய வீட்டில். வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டித்தான் கிடக்கும். சாப்பாட்டு ஹால் தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். ஒரு கல்லை ஐந்தடி என்று வைத்துக்கொண்டு சாக்பீஸால் கப்பலை முழுசாகத் தரையிலேயே வரைந்துவிடலாம், ஆட்களுக்குச் சோழி. அதனால் கப்பலின் நீள அகலமும் எனக்குத் தேவை.

கோட்டையூர் நரி:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? போர்க்கப்பலைக் கொடுங்கள். பக்கத்துக்குப் பத்துப் பீரங்கி. கடல் கேம்பெயின் என்று கூப்பிட்டுவிட்டு மீன்படகில் ஏற்றினால் எவன் வருவான்? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே.

தொண்டித் தண்டையல்:
பகடை அண்ணே, கப்பலைக் கேட்பதற்கு முன்னால் கடலைச் சொல்லுங்கள். உங்கள் வளைகுடா எவ்வளவு ஆழம்?

எங்கள் வீடு தொண்டி. இந்தப் பக்கம் பாக் நீரிணைக் கடல் பார்க்கத்தான் பெருசு. பெரும்பாலான இடத்தில் ஆழம் பத்து மீட்டரைச் சுற்றித்தான். ராமர் பாலத்து மணல்திட்டுகளில் இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீர் நிற்கிற இடம்கூட உண்டு. அதனால்தான் பெரிய கப்பல் எதுவும் இந்த வழியாகப் போகாமல் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகிறது. சின்னக் கலம் குறுக்கே புகுந்து போய்விடும். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே முப்பது செஷன் ஓட்டலாம். துரத்தி வருகிற பேரரசின் போர்க்கப்பல் திட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டும், உங்கள் ஆட்கள் உள்ளே நழுவ வேண்டும். ஆழமில்லாத கடலில் பெரிய கப்பலைக் கொடுத்தீர்கள் என்றால், ஒளிந்துகொள்ளும் இடமெல்லாம் எதிரிக்குப் போய்விடும்.

எங்கள் பக்கத்தில் வத்தை என்று ஒன்று உண்டு. உடம்பு ஒடுக்கம், நீளம் அதிகம், பாய்மரம் மூன்று. ஒடுக்கமான உடம்பில் அவ்வளவு பாய் ஏற்றினால் காற்று பிடித்துக் கவிழ்த்துவிடும். அதற்காகக் குறுக்கே ஒரு நீளப் பலகை போட்டிருப்பார்கள். காற்று வருகிற பக்கம் பலகையை வெளியே நீட்டி, அதன் மேல் ஆள் போய் உட்காருவான். காற்று கூடக்கூட அவன் நுனிக்குப் போவான், குறைந்தால் உள்ளே வருவான். இதை அப்படியே ஆட்டத்தில் வையுங்கள். சண்டை நடக்கிற நேரத்தில் யாராவது ஒருத்தர் பலகை நுனியில் இருந்தே ஆக வேண்டும். அங்கே இருப்பவன் மேல் அம்பு பட்டு விழுந்தால் ஒரு ஆள் மட்டும் போகவில்லை, கலமே சாய்கிறது. உங்கள் மேசையில் யார் முதலில் "நான் போகிறேன்" என்று சொல்வார்கள் என்று பாருங்கள். அந்த ஆளை வைத்தே அடுத்த கதையை எழுதலாம்.

விதிக்காரன்:
கேலி பற்றி ஒரு கணக்கு. 4 மைல் என்பது துடுப்பு வேகம். 24 மணி நேரமும் எவனும் துடுப்புப் போட முடியாது. பாய்க்கப்பல் 2 மைல் என்றாலும் இரவு பகலாக ஓடும், நாளுக்கு 48 மைல். கேலி எட்டு மணி நேரம் துடுப்புப் போட்டால் 32 மைல், அப்புறம் ஆட்கள் படுத்துவிடுவார்கள்.

அடுத்தது தண்ணீர். ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் என்று வையுங்கள். கேலியில் 80 பேர், நாளுக்கு 320 லிட்டர். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 1,450 மைல். பாய்க்கப்பலுக்கு 30 நாள், 25 பேர் இருந்தால் 3,000 லிட்டர் போதும். கேலிக்கு 45 நாள், 14,400 லிட்டர். புத்தகத்தில் கேலிக்கு 150 டன் சரக்கு என்று தாராளமாகப் போட்டுவிட்டார்கள். உண்மையில் கேலி என்பது துடுப்புக்காரர்களை அடைத்து வைத்த ஒரு தட்டு. மத்தியதரைக் கடலில் அவை கரையை ஒட்டியே ஓடி, சில நாளுக்கு ஒரு முறை தண்ணீருக்காக ஒதுங்கியது இதனால்தான். தீவுக்குத் தீவு தாவுகிற கதைக்குக் கேலி ஓகே. ஆழ்கடல் தாண்டுகிற கதைக்கு அது பிணம்.

நரி தம்பிக்கும் ஒன்று. நடுத்தரப் பீரங்கி ஒன்றின் எடை ஒரு டன்னுக்கு மேல். சுட்டபின் இழுத்து, துடைத்து, மறுபடி கெட்டித்துத் தள்ள ஏழெட்டுப் பேர் வேண்டும். இருபது பீரங்கிக்கு ஆள் எங்கே?

கோட்டையூர் நரி:
ஒரு பக்கம் மட்டும் சுடுவோம், பாதி ஆள் போதும். மறுபக்கம் அழகுக்கு.

பட்டாலைப் பகடை:
தண்ணீர்க் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். வளைகுடா ஆழமில்லாதது என்று இப்போதே முடிவு செய்துவிட்டேன், தண்டையல் தம்பிக்கு நன்றி. ஆனால் வெறும் வத்தை ஒன்றில் ஐந்து பேர் மாதக்கணக்கில் எப்படி இருப்பது? படுக்க இடம், சரக்கு, ஒரு சின்ன சமையல் மூலை, கொஞ்சம் ரகசியம் பேச ஒரு அறை, இதெல்லாம் வேண்டுமே.

ஐந்தொகை ஆச்சி:
நான் தேவகோட்டை. தொழில் கணக்கு எழுதுவது, பொழுதுபோக்கும் அதுதான் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். போன வருடம் நான் நடத்திய கேம்பெயின் கப்பலாலேயே முங்கிப் போனது. அதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவட்டும்.

ஆசைப்பட்டு முதல் செஷனிலேயே மூன்று பாய்மரப் பெரிய கப்பலைக் கொடுத்தேன், 60 மாலுமிகளோடு. மூன்றாவது செஷனில் பார்த்தால் என் மேசையில் ஆடுகிற பிள்ளைகள் நான்கு பேரும் கப்பல் ஓட்டவே இல்லை. சுக்கானை ஒரு மாலுமி பிடிக்கிறான், பாயை இன்னொருவன் இழுக்கிறான், ஆழம் பார்ப்பவன் வேறு ஒருவன். இவர்கள் மேலே நின்று "போ, வா" என்கிறார்கள். புயல் வந்தது. "மாலுமிகள் பார்த்துக்கொள்ளட்டும்" என்று கீழே போய்விட்டார்கள். ஒரு பகடைகூட உருளவில்லை. அறுபது பேருக்குச் சம்பளம் பிரிப்பதிலேயே இரண்டு மணி நேரம் போனது. எனக்கே சலித்துவிட்டது என்றால் பாருங்கள்.

அதனால் என் கணக்கு இது. கலத்தில் எத்தனை வேலை இருக்கிறதோ அதில் பாதியையாவது உங்கள் ஐந்து பேரே செய்தாக வேண்டும். சுக்கான் ஒருவர். பாய் ஒருவர். அணியத்தில் (கலத்தின் முன்பக்கம்) நின்று ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டு ஆழம் பார்ப்பவர் ஒருவர். அந்தக் குண்டின் அடியில் குழி இருக்கும், அதில் கொழுப்பைத் தடவி விடுவார்கள், அடியில் இருப்பது மணலா சேறா சிப்பியா என்று ஒட்டிக்கொண்டு வரும். உங்கள் பூதத்தின் செதில் ஒட்டிக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும்? சரக்கும் கணக்கும் ஒருவர். மீதி ஒருவர் சண்டைக்கு. இவர்களோடு பேரும் குணமும் உள்ள ஆறு மாலுமிகள் போதும்.

சம்பளத்துக்கு நம்ம ஊர் முறையையே வைத்துவிடுங்கள். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் பார்க்க, போனவர்கள் சம்பளச் சீட்டு எழுதி மூன்று வருடத்துக்குப் போவார்கள். ஒரு பங்கு முன்பணமாக வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்புவது, திரும்பி வந்ததும் மீதி. மாலுமிகளையும் அப்படியே எடுங்கள். வாராவாரம் சம்பளம் எண்ண வேண்டியதில்லை. முன்பணம் வாங்கியவன் நடுவில் ஓடிப்போனால் அதுவே ஒரு கதை. துறைக்குத் துறை ஒரு ஐந்தொகை எடுத்தால் போதும். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். எங்கள் வீட்டுப் பழைய பேரேட்டில் மேலே ஒரு பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்கும், அதையும் போடுங்கள், கெடுதல் இல்லை.

பினாங்குப் பேரன்:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். முதலில் கப்பலே கொடுக்காதீர்கள்.

எங்கள் ஐயா, அப்பச்சி எல்லோரும் ரஜூலா கப்பலில் போய் வந்தவர்கள். 1926-இல் கட்டிய நீராவிக் கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. ஐயாயிரம் பேருக்கும் மேல் ஏற்ற அனுமதி, பெரும்பாலும் திறந்த தட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போகிறவர்கள். எங்கள் வீட்டில் அந்தக் கப்பலைப் பற்றிப் பேசினால் யாரும் கப்பலைப் பற்றிப் பேச மாட்டார்கள். பக்கத்தில் பாய் விரித்தது யார், ஊறுகாய் ஜாடியை உடைத்தது யார், எந்தத் துறையில் யார் இறங்காமல் போனார்கள், இதுதான் பேச்சு. உங்கள் ஐந்து பேரும் முதல் நான்கு செஷன் தட்டுப் பயணிகளாகப் போகட்டும். சொந்தக் கலம் எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் உறைக்கும்.

துறையில் இறங்குவதற்கும் ஒரு விதி வையுங்கள். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் பக்கம் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது, ஐந்நூற்றுவர் வணிகக் குழு வைத்தது. மரக்கல நாயனும் (கப்பல் தலைவன்) கேவிகளும் (கப்பல் ஆட்கள்) கஸ்தூரி விலையைக் கணக்காக வைத்துப் பொன்னில் கட்டணம் கட்டிய பிறகுதான் பாவாடை மிதிக்கலாம் என்கிறது. பாவாடை என்றால் விரித்த துணி. கஸ்தூரி விலை ஏறினால் துறைக் கட்டணமும் ஏறும்! எந்த விதிப்புத்தகத்திலும் இப்படி ஒன்று இல்லை.

கோட்டையூர் நரி:
நான்கு செஷன் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு ஊறுகாயா? நான் வரவில்லை.

சோழர்கள் ஊறுகாய் ஜாடியோடா கடாரம் போனார்கள்? ராஜேந்திரன் 1025-இல் ஸ்ரீவிஜயத்தையே அடித்தான். அவனுக்கு மாபெரும் போர்க்கப்பல் இருந்திருக்காதா? நம்ம வரலாற்றையே வைத்துப் பெரிய கப்பல் கொடுங்கள்.

விதிக்காரன்:
மெய்க்கீர்த்தியைப் படி தம்பி. "அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி" என்றுதான் வருகிறது. பல கலம். பெருங்கலம் என்று இல்லை.

கோட்டையூர் நரி:
😑

தொண்டித் தண்டையல்:
நரி அண்ணன் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, சண்டை வேண்டும் என்பது. ஆனால் கடல் சண்டையில் பீரங்கியைவிடக் காற்றுதான் பெருசு. எவன் காற்றுக்கு மேலே, அதாவது காற்று வருகிற பக்கம், இருக்கிறானோ அவன் எப்போது வேண்டுமானாலும் வந்து விழலாம், கீழே இருப்பவன் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் பாய் எப்படிப்பட்டது என்று பாருங்கள்.

சதுரப் பாய் பின்காற்றில் பிய்த்துக்கொண்டு ஓடும், எதிர்க்காற்றுக்கு அருகில் திரும்பாது. முக்கோணப் பாய் எதிர்க்காற்றை நன்றாகக் கடிக்கும். ஆனால் பெரிய கலத்தில் பக்கம் மாற்ற வேண்டும் என்றால் பாய் கட்டிய அவ்வளவு நீளப் பருமலையும் (குறுக்கு மரம்) மரத்தைச் சுற்றி மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். அதனால் அரபுக் கலக்காரர்கள் பெரும்பாலும் அமரத்தை (பின்பக்கம்) காற்றுக்குக் காட்டி ஒரு பெரிய வட்டம் போட்டுத்தான் திரும்புவார்கள். அந்த வட்டத்துக்கு இடம் வேண்டும். தரைக்கல்லில் நான்கு கல் இழக்கிற மாதிரி ஒரு விதி வைத்தால் போதும், உடனே புரியும்.

சீனக் கலம் வேறு ரகம். பாய்க்குக் குறுக்கே மூங்கில் சட்டம், புயல் வந்தால் மடிப்பு மடிப்பாக நொடியில் இறக்கலாம். வயிற்றுக்குள் தடுப்புச் சுவர்கள். சுவான்ஜோவில் 1974-இல் தோண்டி எடுத்த பழைய கலத்தில் 13 அறைகள் இருந்தன. ஒரு அறையில் ஓட்டை விழுந்தால் அந்த அறை மட்டும்தான் நிறையும். கப்பலுக்கு ஒரே எண்ணாக ஹெச்பி (அடி தாங்கும் அளவு) வைப்பதற்குப் பதில் அறை அறையாக வைத்துப் பாருங்கள், ஓட்டை விழுந்த அறையில் என்ன சரக்கு இருந்தது என்று ஆச்சி சொல்வார்.

ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த கலமும் உண்டு. சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் பெரிய கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டு வந்தது மசூலாப் படகு. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பதால் அலை அடித்தால் உடையாது, வளைந்து கொடுக்கும். ஆணி அடித்த படகு அதே அலையில் சிதறிவிடும். கப்பலிலிருந்து கரைக்கு வருவதே ஒரு தனி சாகசம் என்பதை மறக்காதீர்கள்.

கடைசியாக, பகடை அண்ணன் கேட்ட "படுக்க இடம்" விஷயம். அதற்கு எங்கள் பக்கத்தில் பதில் தோணி. எதிர்க்கரையில், இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற இரண்டு பாய்மரக் கலம் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறை வரைக்கும் ஓடியிருக்கிறது. நீளம் 89 அடி. ஓட்டிக்கொண்டு போனவர்கள் ஒரு சில வல்வெட்டித்துறை மாலுமிகள்தான். உலகத்தில் பாதியைச் சுற்ற அது போதும் என்றால் ஏழு தீவுக்குப் போதாதா?

பட்டாலைப் பகடை:
89 அடி என்றால் 18 கல் நீளம். அகலம் நான்கு கல் வைக்கிறேன். ஹாலில் கச்சிதமாக அடங்குகிறது, நேற்று அளந்துவிட்டேன்! கேலியாக இருந்திருந்தால் அணியம் சமையல்கட்டுக்குள் போயிருக்கும்.

ஐந்தொகை ஆச்சி:
நல்லதாகப் போனது. இன்னொன்று நினைவு வந்தது. மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கிறோம் அல்லவா, அதற்கு எங்கள் அப்பத்தா சொன்ன கதை கடல் கதைதான். கடல் வணிகத்துக்குப் போனவர்கள் புயலில் மாட்டிக்கொண்டார்கள். நாள் தெரிய வேண்டும் என்று தினம் வேட்டியிலிருந்து ஒரு நூல் உருவி வைத்தார்கள். 21 நூல் சேர்ந்த அன்று கரை கண்டார்கள், அந்த நூலைத் திரியாக்கி மாவில் வைத்து விளக்கேற்றிச் சாப்பிட்டார்கள் என்பார். உங்கள் ஆட்கள் திசை தெரியாமல் மாட்டுகிற இடத்தில் இதை வையுங்கள். மேசையில் ஒரு தட்டு, ஒரு பழைய வேட்டி. நாள் போகப் போக ஒவ்வொருவராக நூல் உருவட்டும். நாட்காட்டியில் கோடு போடுவதைவிட இது வயிற்றைக் கலக்கும்.

பினாங்குப் பேரன்:
ஆச்சி, அருமை. நான் இதைத் திருடிக்கொள்கிறேன்.

கப்பல் முதல் செஷனிலேயே வேண்டாம் என்பதை மட்டும் நான் விடமாட்டேன்.

விதிக்காரன்:
நானும் அதில் உங்களோடு மாறுபடுகிறேன், பேரன். ஐந்து பேரும் "கடல்" என்ற சொல்லுக்காக வருகிறார்கள். நான்கு செஷன் காத்திருக்க வைத்தால் இரண்டு பேர் கிரிக்கெட் பார்க்கப் போய்விடுவார்கள். கப்பலைக் கொடுத்துவிட்டுக் கடனையும் சேர்த்துக் கொடுங்கள். 10,000 பொன்னில் பாதி வட்டிக்கு. செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு வட்டி இல்லாமல் கதை எழுதுவது பாவம்.

பட்டாலைப் பகடை:
இரண்டு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நேற்று முதல் செஷன் முடிந்தது. என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

பேரன் சொன்னதில் பாதியை எடுத்தேன். முதல் ஒரு மணி நேரம் அவர்கள் தட்டுப் பயணிகள். ஊறுகாய் ஜாடி உடைந்தது, உடைத்தது நரி. (ஆமாம், நரி எங்கள் குழுதான். வரவில்லை என்று சொன்னவர் முதல் ஆளாக வந்து சீடை டப்பாவைத் திறந்துவிட்டார்.) அப்புறம் துறையில் ஒரு பழைய தோணி, இரண்டு பாய்மரம், 18 கல்லுக்கு 4 கல், விலையில் பாதி கையிலிருந்து. மீதி பாதிக்கு வட்டி. வட்டிக்குக் கொடுத்தவள் யார் என்பதை அவர்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்காதவரை எனக்கு நல்லது. பின்னால் இழுத்துக்கொண்டு போக ஒரு குட்டி வத்தை, பலகையோடு. ஆறு மாலுமிகள், மூன்று வருடச் சம்பளச் சீட்டு.

துறையை விட்டு வெளியே வந்ததும் பேரரசின் போர்க்கப்பல் ஒன்று துரத்தியது. மூன்று பேர் திட்டுக்குள் போவோம் என்றார்கள், நரி திரும்பி மோதுவோம் என்றார். அதற்குள் ஈயக்குண்டில் ஒன்றரை ஆள் ஆழம் என்று வந்துவிட்டது. சுக்கான் பிடித்தவர் பகடையில் இரண்டு போட்டார். தோணி மணலில் ஏறி நின்றது. சரக்கைத் தூக்கிக் கடலில் போட்டால்தான் மிதக்கும். எதைப் போடுவது என்று முக்கால் மணி நேரம் சண்டை. நெல் மூட்டையா, தண்ணீர்ப் பீப்பாயா, நரி வாங்கி வைத்திருந்த ஒரே பீரங்கியா?

தொண்டித் தண்டையல்:
எதைப் போட்டார்கள்?

கோட்டையூர் நரி:
கேட்காதே தம்பி. ஒரு டன்னுக்கு மேல் இருந்தது, ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

ஐந்தொகை ஆச்சி:
அதைப் பற்றில் எழுதினீர்களா, நட்டத்தில் எழுதினீர்களா?

பட்டாலைப் பகடை:
நட்டத்தில்தான் ஆச்சி. இப்போது வேறு நட்டம். வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்காக அடுத்த வாரம் பள்ளத்தூர் வருகிறார்களாம். தரையைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் போட்டு வைக்கச் சொல்லி நண்பனுக்கு போன் வந்திருக்கிறது. தோணி இன்னும் மணலில் நிற்கிறது, கடல்நீர் ஏறுகிற நேரத்துக்காகக் காத்திருக்கிறோம். அழிக்கும் முன்னால் எந்தச் சோழி எந்தக் கல்லில் இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொண்டேன். நரியின் சோழி மட்டும் கப்பலுக்கு வெளியே, பீரங்கி முங்கிய இடத்தில் இருக்கிறது. தண்ணீருக்குள் குதித்துவிட்டார்.